நிலவின் ராடார் தரவை ஆய்வுத் திட்டமாக எடுப்பவர்களுக்கு

முதுநிலை நிலவியல் இறுதியாண்டில் நிலவின் தரை ஊடுருவும் ராடார் தரவை ஆய்வுத் திட்டமாக எடுத்துப் படித்தேன். கோவை, சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் இதே எண்ணத்தோடு இருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் சொல்ல விரும்புவது, மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஆழத்தைக் காகிதத்தில் கணக்கிட்டுப் பழகுங்கள் என்பதே.

ராடார் ஆழத்தை அளப்பதில்லை. அலை உள்ளே சென்று எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை மட்டுமே பதிவு செய்கிறது. அந்த நேரத்தை மீட்டராக மாற்ற, பிளஸ் டூ இயற்பியலில் படித்த ஒப்புமை விடுதிறன் வேண்டும்; மண்ணும் பாறையும் அலையை எவ்வளவு மெதுவாக்குகின்றன என்பதை அந்த எண்தான் சொல்கிறது. அது 3 என்றால், 100 நானோ நொடியில் திரும்பிய எதிரொலி சுமார் 8.7 மீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. 4 என்றால் 7.5 மீட்டர். அப்பல்லோ மாதிரிகளை அளந்தவர்கள், அடர்த்தி கூடக் கூட விடுதிறனும் கூடுவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே ஒரே மதிப்பை மேலிருந்து கீழ்வரை பயன்படுத்துவது சரியாகாது.

அடுத்தது பாறை. பல்லடம், உடுமலைப் பக்கத்து ஈரக் கரிசலில் ராடார் அலை மிக விரைவில் தேய்ந்துவிடும். நிலவிலோ திரவ நீர் இல்லை; அங்கே அலையை விழுங்குவது பெரும்பாலும் இரும்பும் டைட்டானியமும் கலந்த இல்மனைட் என்ற கனிமம். 2013இல் சீனாவின் சாங்'இ-3 கலம் இறங்கிய இடத்தில் அது மிகுதி என்பதால், அதன் ஊர்தியில் இருந்த ராடாரின் 500 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 10 மீட்டரே எட்டியது. 2019இல் நிலவின் மறுபக்கத்தில், இல்மனைட் குறைந்த வான் கார்மான் பள்ளத்தில் இறங்கிய சாங்'இ-4இன் அதே வகை ராடார் 40 மீட்டர் வரை காட்டியது. அதில் மேல் 12 மீட்டர் நுண்துகள் மண். இந்த வேறுபாட்டின் காரணம் மனத்தில் பதிய, சித்தம்பூண்டிக்கு ஒருமுறை சென்று வாருங்கள். நிலவின் மேட்டுநிலப் பாறைக்கு ஒப்பான அனார்த்தசைட் அங்கே கிடைப்பதால்தான், சந்திரயான்-2 சோதனைக்கான செயற்கை நிலவு மண்ணுக்கு இஸ்ரோ நாமக்கல் மாவட்டத்துப் பாறையைத் தேர்ந்தது. வெளிறிய அந்தக் கல்லையும் கரிய பசால்ட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரும்பு குறைந்த பாறை எது என்பது நிறத்திலேயே ஓரளவு புலப்படும்.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் அதிகம் துருவியது போலி எதிரொலிகளைப் பற்றித்தான். சாங்'இ-3இன், குறைந்த அதிர்வெண்ணால் இன்னும் ஆழம் எட்டக்கூடிய 60 மெகாஹெர்ட்ஸ் தரவிலிருந்து 300 மீட்டருக்கும் கீழ்வரை 9க்கும் மேற்பட்ட அடுக்குகள் இருப்பதாக 2015இல் ஒரு குழு வெளியிட்டது. 2018இல் வேறொரு குழு, ஆழத்து எதிரொலிகள் கருவியிலிருந்தே எழுந்தவை என்று வாதிட்டது. இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். இத்துறையில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஊர்தி நகர்ந்தபோதும் ஆழம் மாறாமல் ஒரே நேர்கோடாக நீளும் பட்டையைக் கண்டால், அடுக்கு என்று எழுதும் முன் அது கருவியின் அதிர்வா என்று சோதியுங்கள். ஆய்வேட்டில் ஒவ்வோர் ஆழத்தின் அருகிலும் நீங்கள் கொண்ட விடுதிறனையும், அது மாறினால் ஆழம் எவ்வளவு மாறும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். தேர்வாளர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.