ரமலான் பிறைக் குறிப்புகள்

பிறை 1

விடியுமுன் ஸஹர் உணவை முடித்து, நோன்புக்கான நிய்யத் (மன உறுதி) வைத்தாயிற்று. "கதவைச் சாத்திக்கிட்டுத் தண்ணி குடிச்சா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான் சின்னவன். நியாயமான கேள்விதான். தொழுகையைப் பள்ளிவாசலில் நாலு பேர் பார்ப்பார்கள். ஜகாத் என்னும் கட்டாயத் தருமத்தை வாங்கியவர் அறிவார். ஹஜ்ஜுக்குப் புறப்பட்டால் சொந்தபந்தமெல்லாம் வழியனுப்ப வரும். நோன்பு மட்டும் வெளியே தெரியாது. "நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுப்பேன்" என்று அல்லாஹ் சொல்வதாக ஹதீஸ் குத்ஸியில் (நபிகளார் வாயிலாக வந்த இறைவாக்கில்) வருவதற்கு உலமாக்கள் என்னும் மார்க்க அறிஞர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. அவனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "உனக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்றேன். யோசித்துக்கொண்டே போனான்.

பிறை 6

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு பசியைவிடக் குரல்தான் பெரிய சோதனை. பொய்யான பேச்சை விடாதவர் உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்கிறது புகாரி தொகுப்பில் வரும் ஹதீஸ் (நபிமொழி). சண்டைக்கு வருபவரிடம் "நான் நோன்பாளி" என்று சொல்லி விலகச் சொன்னார்கள் நபி (ஸல்). எங்கள் வீட்டில் அதையே உரக்கக் கத்திச் சொல்கிறார்கள்!

பிறை 13

உம்மாவுக்குச் சர்க்கரை நோய். நோன்பு கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விடுபடும் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா கொடுக்கிறோம். ஆனாலும் பகலில் மாத்திரைக்காகச் சாப்பிடும்போது அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். எனக்கு அது பொறுக்கவில்லை. நோன்பைக் கடமையாக்குவது குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 183ஆம் வசனம். அடுத்த வசனத்திலேயே நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை வந்துவிடுகிறது. 185இல், "அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை." மகளுக்கும் இப்போது மாதவிலக்கால் நோன்பில்லாத நாட்கள், ரமலான் முடிந்து களாச் செய்வாள் (விட்டதை நோற்பாள்). வருகிறவர்களெல்லாம் "இன்னைக்கு நோன்பா?" என்று பெண்பிள்ளைகளைக் கேட்பது என்ன வழக்கமோ! அல்லாஹ் தனக்குரியது என்று சொன்ன கணக்கை இவர்கள் ஏன் கேட்கிறார்கள்?

பிறை 21

கடைசிப் பத்து. கணவர் பள்ளிவாசலிலேயே தங்கி வணங்கும் இஃதிகாஃபில் இருக்கிறார். ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த லைலத்துல் கத்ர் இன்றிரவாகவும் இருக்கலாம். தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து அல்பகராவின் 186ஆம் வசனத்தை ஓதினேன். நோன்புச் சட்டங்களுக்கு நடுவே, "நான் அருகிலேயே இருக்கிறேன், அழைப்பவரின் அழைப்புக்குப் பதிலளிக்கிறேன்." அதற்கு மேல் ஓத முடியாமல் வெகுநேரம் துஆவில் (பிரார்த்தனையில்) இருந்தேன்.

பிறை 29

ஃபித்ரா என்னும் பெருநாள் தருமத்தைப் பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். உம்மா, கைக்குழந்தை என்று நோன்பு வைக்காதவர்களுக்கும் சேர்த்து வீட்டில் தலைக்கு ஒரு பங்கு. எடுத்து வைத்தாயிற்று. அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு பெருநாள் பிறை பார்க்க வேண்டும்.