மாணவர்களை ஆன்லைன் பொருளியல் சோதனைகளுக்குப் பழக்கிய அனுபவம்

என் வகுப்பில் பெரும்பாலோர் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் படத்தைப் பார்க்காமலேயே வரைந்துவிடுவார்கள். அந்தக் கோட்டில் ஒரு புள்ளியாகத் தாங்களே நின்று விலை கேட்டுப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. மாணவர்களே விளையாட்டு போலப் பங்கெடுத்து முடிவெடுக்கும் ஆன்லைன் சோதனைகளையும் அவற்றையொட்டிய அசைன்மென்ட்டுகளையும் நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, இந்தக் குறையைத் தீர்ப்பதே முதல் வேலை என்று முடிவு செய்தேன்.

இத்தகைய சோதனைகளுக்கான மென்பொருளாக ஓட்ரீயை (oTree) தேர்ந்தெடுத்தோம். பைத்தானில் எழுதப்பட்டது, திறந்த மூலம், கைப்பேசி பிரவுசரிலேயே ஓடும். இதே வேலைக்கான பழைய மென்பொருள் இசட்-ட்ரீ (z-Tree) ஆய்வகக் கணினிகளுக்காகச் செய்யப்பட்டது. வீட்டிலிருந்து சேர்பவர்களுக்குச் சரிப்படாது.

எல்லாருக்கும் ஒரே லிங்க்கை அனுப்பினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒருவரே வேறொரு பிரவுசரில் அதைத் திறந்தால் இன்னொரு ஆளாகப் பதிவாகிவிடுவார். அப்புறம் எந்தத் தரவு யாருடையது என்று பிரிக்க முடியாது. அதனால் ஓட்ரீயின் ‘ரூம்’ வசதியில் ஒவ்வொருவருக்கும் தனிக் குறியீடு கொடுத்தோம். நெட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். குறியீட்டில் பெயரோ பதிவெண்ணோ வைக்கவில்லை. தான் எவ்வளவு கொடுத்தோம் என்பது பக்கத்து மாணவருக்குத் தெரியாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் மனதில் உள்ளபடி ஆடுவார்கள்.

முதல் சோதனை இரட்டை ஏலச் சந்தை: வாங்குபவர்களும் விற்பவர்களும் ஒரே நேரத்தில் விலை சொல்லலாம், பிடித்த விலையை ஏற்றுக்கொள்ளலாம். ஒரு வாங்குபவரின் ஸ்கிரீனில் ‘உங்கள் மதிப்பு 70’ என்று வரும். தடுமாற்றம் தொடங்குவது இந்த எண்ணில்தான். சிலர் அதைக் கையில் உள்ள பணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் கட்டவேண்டிய விலை என்று. இரண்டுமே இல்லை. அந்தப் பொருள் அவருக்கு எவ்வளவு பெறும் என்பதே அது. பொருளை 50-க்கு வாங்கினால் 20 லாபம், 75-க்கு வாங்கினால் 5 நட்டம், வாங்காவிட்டால் ஒன்றுமில்லை. இதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் பதியவில்லை. விதிமுறைப் பக்கத்துக்கு அடுத்து சின்னக் கணக்குகள் வைத்து, சரியான விடை தந்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்று செய்தேன். கூடவே கணக்கில் சேராத ஒரு பயிற்சிச் சுற்று. சோதனையைவிட இதற்கு நேரம் அதிகம் பிடித்தது. ஆனாலும் இதைச் சுருக்க நான் சம்மதிக்கவே மாட்டேன். விதி புரியாதவர் எடுக்கும் முடிவுக்குப் பொருளியல் அர்த்தம் எதுவும் கிடையாது.

பயிற்சிச் சுற்றில் ஒரு மாணவி கேட்டார்: “விற்கிறவருக்கு என் 70 தெரியுமா?”

“தெரியாது.”

“அப்போ நான் 40-லிருந்து கேட்கலாமே!”

அந்தக் கேள்வி வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. சந்தை தொடங்கிவிட்டது.

இதன் வரலாற்றை ஆட்டத்துக்கு முன்னால் சொல்வதில்லை. சொன்னால் எல்லாரும் ‘சரியான’ விலையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். முடிந்த பிறகு சொல்வேன். ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லின் மாணவர்களை அறைக்குள் சுற்றிவந்து பேரம் பேசவைத்தார். 1948-இல் அவர் வெளியிட்ட முடிவுகளில் விலைகள் சமநிலையில், அதாவது தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டும் இடத்தில், நிற்கவில்லை. அவருடைய வகுப்புச் சோதனையில் மாணவராகக் கலந்துகொண்ட வெர்னன் ஸ்மித், பிற்பாடு விலைகளை எல்லாருக்கும் தெரியும்படி அறிவிக்கவைத்துப் பல சுற்றுகள் நடத்தினார். விலைகள் சமநிலையை நெருங்கின. அந்தக் கட்டுரை 1962-இல் வந்தது, நோபல் பரிசு 2002-இல். தங்கள் வகுப்பின் விலை வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேட்கும்போது மாணவர்கள் உண்மையிலேயே கவனிக்கிறார்கள்.

அடுத்து வந்தது பொதுப்பண்ட விளையாட்டு: தன் புள்ளிகளில் எவ்வளவைக் குழுவின் பொதுக் கணக்கில் போடுவது என்று ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டும். இதில் வேறு சிக்கல். ஒருவர் எழுந்து போய்விட்டால் அவர் குழுவே காத்திருப்புப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முடிவுப் பக்கத்துக்கும் நேர வரம்பு வைத்து, நேரம் தீர்ந்து தானாகப் பதிவான விடைகளைத் தரவில் தனியாகக் குறித்தோம். இல்லாவிட்டால் யாரும் எடுக்காத முடிவை மாணவர்கள் சுயநலம் என்று எழுதிவிடுவார்கள்.

நான்கு பேர், ஆளுக்கு 20 புள்ளிகள். பொதுக் கணக்கில் போட்டது 1.6 மடங்காகி நால்வருக்கும் சமமாகப் பிரியும், போடாதது அவரவரிடமே இருக்கும். எல்லாரும் முழுதாகப் போட்டால் ஆளுக்கு 32. ஒருவர் மட்டும் போடாமல் இருந்தால் அவருக்கு 44, மற்றவர்களுக்கு 24. இதை அவர்களே கணக்கிட்டபின் வகுப்பில் எழுந்த விவாதத்தை நிறுத்த எனக்கு மனமே வரவில்லை.

அசைன்மென்ட்டில் ஒன்றை மட்டும் கட்டாயமாக்கினேன். ஆட்டத்துக்கு முன்பே, என்ன நடக்கும், ஏன் என்று ஐந்தாறு வரிகள் எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். முடிந்தபின் வகுப்பின் தரவு சிஎஸ்வி கோப்பாக வரும். எக்செல்லில் திறந்து, சுற்றுவாரியாகச் சராசரி எடுத்து, முன்பு எழுதிய கணிப்போடு ஒப்பிட வேண்டும். கோப்பின் நெடுவரிசைப் பெயர்கள் புதியவர்களை மிரட்டும் என்பதால், தேவையான நான்கைந்தை மட்டும் வைத்துக் கொடுத்தேன். ஆட்டத்தில் சேர்த்த புள்ளிகளுக்கு மதிப்பெண் வைக்கவில்லை. லாபம் உங்களுக்கு எந்த வேடம், எந்த எண் விழுந்தது என்பதையும் பொறுத்தது. அதை வைத்து மாணவரை மதிப்பிடுவது நியாயமில்லை. கணிப்பு தவறிப் போனாலும் பரவாயில்லை, எங்கே ஏன் தவறியது என்று விளக்கியவருக்கு முழு மதிப்பெண்.

வகுப்புக்கு வர முடியாதவர்களுக்கு விதிமுறைப் பக்கத்தையும் பயிற்சிக் கணக்குகளையும் அப்படியே அனுப்பினோம். கணிப்பை எழுதித் தந்தபின்தான் அவர்களுக்கும் அதே கோப்பு கிடைத்தது.