மாமியின் நடை நேர்த்தி: கெவலார் மாதாவின் சந்நிதியில்

மாசி மாதம் என் கணவருக்கு இருதயச் சத்திரசிகிச்சை நடந்த இரவு, வைத்தியசாலைத் தாழ்வாரத்தில் இருந்தபடி மாமி வைத்த நேர்த்தி இது. "மாதாவே, என்ரை பிள்ளையைத் தந்திடு, உன்ரை வாசலுக்கு நடந்து வருவன்." எங்கள் வீடு சைவ வீடுதான். ஆனால் சின்ன வயதில் மாட்டு வண்டியில் மன்னாரின் மடு மாதா கோயிலுக்குப் போய் வந்தவர் மாமி. மாதா அவருக்கு வேறு ஆள் இல்லை.

அதனால் ஆவணியில், ஜேர்மனியின் கெவலார் மாதா கோயிலில் தமிழர் திருவிழா நடக்கும் நாளன்று விடியவே, கெல்டர்ன் ரயில் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து கெவலாருக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர். மாமிக்கு 72 வயது, இரண்டு முழங்காலிலும் வருத்தம். டொக்டர் கூடாது என்றார். கணவரும் கூடாது என்றார். மாமி கேட்கவில்லை. நடக்க வேண்டாம் என்று கணவரைத்தான் காரில் முன்னே அனுப்பிவிட்டோம்.

கீழ் ரைன் பகுதி தட்டையான நிலம். மேடு பள்ளம் இல்லை, நிழலும் இல்லை. இரு பக்கமும் ஆளுயரச் சோளம், இடையிடையே உருளைக்கிழங்குத் தோட்டம், தூரத்தில் நீர்ஸ் ஆற்றங்கரை மரங்கள். அந்த ஆறு ஓடுவதே தெரியாது, அவ்வளவு மெதுவாகப் போகும். மேற்கே கொஞ்சத் தூரம் போனால் நெதர்லாந்து எல்லை. பாதி வழியில் மாமியின் செருப்பு வார் அறுந்தது. "இதுவும் நேர்த்தியிலை சேரட்டும் பிள்ளை" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். தார் ரோட்டுச் சூட்டில் அவர் வெறுங்காலோடு நடக்க, நான் பின்னால் அழுதபடி நடந்தேன். "மாமி, கொஞ்சம் இருங்கோ" என்றால் இருப்பார். ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். பிறகு எழும்பிவிடுவார்.

இந்தப் பக்கத்து வழிகளில்தான் ஹென்ட்ரிக் பூஸ்மன் நடந்து திரிந்தார். தோளில் சரக்குச் சுமந்து ஊர் ஊராக விற்ற ஏழை வியாபாரி. 1641 நத்தார்க் காலத்தில், ஆலங்கட்டி மழையிலிருந்து பயிரைக் காக்க நட்டிருந்த சிலுவையின் முன் செபித்தபோது, "இந்த இடத்தில் எனக்கு ஒரு சிறு கோயில் கட்டு" என்ற குரல் கேட்டது. மூன்று முறை கேட்டது. அப்போது கெவலார் நகரமல்ல, புல்வெளி நடுவே ஒரு குக்கிராமம். ஐரோப்பாவை அழித்த முப்பதாண்டுப் போரில் அடிபட்டுக் கிடந்த ஊர். அந்த மனுசன் தன் சின்ன வருமானத்தில் நாளுக்குச் சில காசு மிச்சம் பிடித்தார். மனைவி மெக்கெலுக்கு ஓரிரவு பேரொளியில் ஒரு சிறு கோயிலும் அதற்குள் ஒரு படமும் தெரிந்தன. இரவுக் காவல் சுற்றிய வீரர்களும் அந்த வீட்டில் வெளிச்சத்தைக் கண்டார்கள். முன்பு படைவீரர் விற்க வந்து, விலை கட்டாமல் அவர் வாங்காது விட்ட லக்சம்பேர்க் மாதாவின் காகிதப் படம்தான் அது! தேடிப் பெற்றார்கள். 1642 ஜூன் 1 அன்று பங்குத்தந்தை அதை அந்தச் சிறு கோயிலில் வைத்தார்.

போரில் வீடு இழந்து வந்த எங்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டுமா? போர் நடந்த ஊருக்குத்தான் மாதா வந்திருக்கிறா.

கெவலாரை அடைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. சனமோ சனம். பிரான்ஸ், சுவிஸ், ஒல்லாந்து என்று எல்லாப் பக்கத்துத் தமிழரும். ஒருவர் இரண்டு யூரோ மெழுகுதிரியை ஐந்துக்குக் கட்டாயப்படுத்தி விற்றார். வரிசையில் நின்ற எங்களை இடித்துக்கொண்டு ஒரு குடும்பம் கைபேசியில் படம் எடுக்க முன்னே போனது. மாதாவின் வாசலிலும் இப்படியா என்று மனம் நொந்தேன். மாமி காதில் எதையும் வாங்கவில்லை. லிண்டன் மரங்கள் நிழல் தரும் அந்தச் சதுக்கத்தில் கணவர் காத்து நின்றார். தாயின் பாதத்தைப் பார்த்தவர் பேசாமல் குனிந்து தொட்டார்.

1654-இல் அந்தச் சிறு கோயிலைச் சுற்றிக் கட்டிய அறுகோணச் சிற்றாலயம் சதுக்கத்தின் நடுவில் இருக்கிறது. வெளியில் நின்றே படத்தைப் பார்க்கலாம். சுற்றிலும் பொன்னும் அலங்காரமும். நடுவே மாதாவின் படம், 11 சென்ரிமீற்றர் உயரம்கூடச் சரியாக வராது. உள்ளங்கைக்குள் அடங்கும் பழைய காகிதம். முடி சூடிய தாய், கையில் பாலன், பின்னால் ஒரு நகரம்.

"இவ்வளவு சின்னனோ பிள்ளை?" என்றார் மாமி. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் தள்ளினார்கள், நான் கைகளை விரித்து மறித்து நின்றேன். மாமி மகனின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, நெஞ்சின் நடுவே ஓடும் அந்தத் தழும்பைத் திறந்து காட்டினார். "இந்தா பாரம்மா. நீ தந்த பிள்ளை. கொண்டு வந்திருக்கிறன்."

எனக்குள் எதுவோ உடைந்தது. கேட்க என்று நினைத்து வந்த எத்தனையோ இருந்தன. வேலை, வீடு, மகளின் படிப்பு. ஒன்றும் நாவில் வரவில்லை. பக்கத்தில் யாரோ மன்றாட்டுமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "கஸ்திப்படுவோருக்குத் தேற்றரவே" என்ற இடம் வந்தபோது நானும் சேர்ந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றேன். இந்தப் படத்து அன்னையின் பெயரே அதுதான், துன்பப்படுவோருக்கு ஆறுதல்.

பெருங்கோயிலில் தமிழ்ப் பூசை நடந்தது, பவனி வந்தது, பாட்டுக் கேட்டது. ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை, எனக்கு எல்லாம் கண்ணீரின் ஊடாகத்தான் தெரிந்தது. அம்மா தாயே, உனக்குக் கோடி நன்றி. அந்த இரவில் எங்களைக் கைவிடாத தாயே, நன்றி.

மெழுகுதிரி ஏற்றும்போது மாமியின் கையில் மெழுகு சொட்டியது. துடைக்கப் போனேன், விடவில்லை. கார் வீடு வந்து சேரும்வரை அந்தக் கையை மூடியபடியே வைத்திருந்தார்.