தெருவுக்கு வந்த கரண்ட் எங்கள் வீட்டுக்கு வரவில்லை

காற்றும் மழையுமாக இருந்த ஒரு ராத்திரி. மணி எட்டு நாற்பது இருக்கும். விளக்கு ஒருமுறை அணைந்து வந்தது. சில விநாடியில் மறுபடியும் அணைந்து வந்தது. மூன்றாவது முறை அணைந்தது, அணைந்ததுதான்.

கரண்ட் இப்படிக் கண்ணாமூச்சி காட்டுவதற்குக் காரணம் உண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மரக்கிளை உரசுவது, பறவை படுவது போன்றவற்றால் மேல்நிலைக் கம்பியில் வரும் கோளாறு பெரும்பாலும் தானாகவே விலகிவிடும். அதனால் ரீகுளோசர் என்ற தானியங்கி சுவிட்ச் லைனைத் துண்டித்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி இணைத்துப் பார்க்கும். இரண்டு மூன்று தடவை பார்த்தும் கோளாறு போகவில்லை என்றால் அப்படியே பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஆள் வந்துதான் ஆக வேண்டும். விளக்கு சில தடவை வெட்டிவிட்டு ஒரேயடியாகப் போனால், இதோ வந்துவிடும் என்று உட்கார்ந்திருக்காமல் போனை எடுப்பது நல்லது.

நான் எடுக்கவில்லை. வாசலில் வந்து பார்த்தேன். தெரு முழுக்க இருட்டு. எதிர் வீட்டு அக்கா டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தார். "யாராச்சும் சொல்லியிருப்பாங்க தம்பி" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தெருவில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

உண்மையில் மின் நிறுவனத்துக்கு நம் போன் தேவைப்படுகிறது. துணைமின் நிலையத்திலோ பெரிய லைனிலோ துண்டிப்பு ஏற்பட்டால் அவர்களுக்கே திரையில் தெரிந்துவிடும். தெரு டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃப்யூஸ் போனால் பல இடங்களில் தெரியாது. வருகிற புகார்களை வைத்துத்தான் கணிப்பார்கள். ஒரே டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்ந்த நாலு வீடு கூப்பிட்டால், கோளாறு அந்த டிரான்ஸ்ஃபார்மரில் என்று கணினி யூகிக்கும். நாலைந்து டிரான்ஸ்ஃபார்மர்களிலிருந்து புகார் வந்தால், அவை எல்லாவற்றுக்கும் மேலே பொதுவாக இருக்கும் சுவிட்சைக் கைகாட்டும். புகார் குறைந்தால் யூகமும் தப்பும்.

ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன். பதிவு செய்யப்பட்ட குரல்தான் எடுத்தது. மின் இணைப்பு எண்ணைக் கேட்டது. அந்த எண் மின் ரசீதில் இருக்கிறது, ரசீது அலமாரியில் இருக்கிறது, அலமாரி இருட்டில் இருக்கிறது. போன் வெளிச்சத்தில் தேடி எடுத்து எண்ணை அழுத்தினேன். "உங்கள் பகுதியில் மின்தடை ஏற்கெனவே பதிவாகியுள்ளது. எதிர்பார்க்கும் நேரம் இரவு 11:30" என்றது. சரி, வேலை முடிந்தது என்று வைத்துவிட்டேன். புகார் எண் கேட்டு வாங்கவில்லை. அன்றைக்குச் செய்த பெரிய தப்பு அதுதான்.

சொன்ன நேரத்துக்கு முன்பே, 11:07-க்குத் தெருவிளக்கு எரிந்தது. எதிர் வீட்டில் டிவி கத்தியது. எங்கள் வீட்டில் மட்டும் ஒன்றுமில்லை. அதே நேரத்தில் போனில் ஒரு குறுஞ்செய்தி: உங்கள் பகுதியில் மின்சாரம் சீராகிவிட்டது, உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது. இருட்டில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

முதலில் நம் வீட்டிலேயே ஏதாவது ட்ரிப் ஆகியிருக்கும் என்று நினைத்து, பெட்டியைத் திறந்து எல்லா சுவிட்சையும் இறக்கி ஏற்றிப் பார்த்தேன். பயனில்லை. மறுபடி கூப்பிட்டால் அதே குரல், "உங்கள் பகுதியில் மின்தடை எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தானே துண்டித்துக்கொண்டது. மூன்று தடவை இப்படி. நாலாவது தடவை எந்த எண்ணையும் அழுத்தாமல் சும்மா இருந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் இசை ஓடி, ஒரு பெண் எடுத்தார்.

"சார், உங்க ஏரியா சரியாயிடுச்சுன்னு காட்டுதே."

"ஏரியாவுக்கு வந்துடுச்சுங்க. எங்க வீட்டுக்கு மட்டும் வரலை."

"மெயின் சுவிட்ச் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்."

"மீட்டர்ல எழுத்து தெரியுதா சார்?"

இதை நான் யோசிக்கவே இல்லை. போய்ப் பார்த்தேன். மீட்டரின் திரை வெறுமையாக இருந்தது, சிவப்புப் புள்ளிகூட மினுங்கவில்லை. திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தால் கரண்ட் மீட்டர் வரை வருகிறது, கோளாறு நம் வீட்டுக்குள் என்று பொருள். அப்போது எலக்ட்ரீஷியனைத்தான் தேட வேண்டும். திரை செத்திருந்தால் மீட்டருக்கே வரவில்லை, அது நிறுவனத்தின் வேலை. சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது. பழைய புகாரைத் தொடவில்லை. 'ஒற்றை வீட்டு மின்தடை' என்று புதிதாக ஒன்று பதிந்து எண் கொடுத்தார். ரசீதின் பின்பக்கத்தில் எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். பெரிய கோளாறு ஒன்று, அதற்கு அடியில் எங்கள் வீட்டுக் கோளாறு இன்னொன்று. என் முதல் புகாரைக் கணினி பெரியதோடு சேர்த்துவிட்டது. பெரியது சரியானதும் அதோடு சேர்ந்த அத்தனை புகாரையும் மொத்தமாக மூடிவிட்டது. அதனால் தெருவுக்கு வந்து நமக்கு வரவில்லை என்றால், "இன்னும் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. "அக்கம்பக்கம் எல்லாம் இருக்கு, எனக்கு மட்டும் இல்லை, மீட்டரும் செத்திருக்கு" என்று சொல்லித் தனி எண் கேட்க வேண்டும்.

அப்புறம் தொடங்கியது காத்திருப்பு. செயலியில் புகார் எண்ணைப் போட்டால் நிலை தெரியும். முதலில் 'பதிவானது'. எதிர்பார்க்கும் நேரம் 1:30 என்று காட்டியது. ஒன்றரைக்குப் பார்த்தால் 4:00 ஆகியிருந்தது. நாலு மணிக்கு நேரமே காணாமல் போய், 'மதிப்பிடப்படுகிறது' என்ற ஒற்றைச் சொல் நின்றது. ஆரம்பத்தில் வரும் நேரம் யாரும் நேரில் பார்த்துச் சொன்னது இல்லை. இந்த வகைக் கோளாறுக்கு வழக்கமாக இவ்வளவு ஆகும் என்று கணினியே போடுவது. ஆள் வந்து பார்த்தபின் வரும் நேரத்துக்குத்தான் கொஞ்சம் மதிப்பு. ஒரே ஒரு வீட்டுக் கோளாறு வரிசையில் கடைசி என்பதும் நியாயம்தான். துணைமின் நிலையம், பெரிய லைன், மருத்துவமனை, குடிநீர் பம்ப், அதிக வீடுகள் உள்ள லைன் என்று மேலிருந்து கீழே வருவார்கள். ஒரு சுவிட்சைப் போட்டால் ஆயிரம் வீட்டுக்கு வரும் என்கிற இடத்தை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு ஏணி தூக்கிவர முடியாது. இது பகலில் புரிந்தது. ராத்திரி இரண்டு மணிக்குப் புரியவில்லை.

விடிந்து ஆறு மணி சுமாருக்கு இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் கம்பத்தை அண்ணாந்து பார்த்ததுமே, "எரிஞ்சிருக்கு" என்றார். எங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் தெருக்கம்பியோடு சேரும் இடத்தில் இணைப்பு கருகி, ஒயர் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. இளையவர் ஏறினார். பழைய முனையை வெட்டி, ஒயரைச் சீவி, புது கனெக்டர் போட்டு முறுக்கினார். பத்துப் பன்னிரண்டு நிமிட வேலை. கீழே கிடந்த பழைய துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அலுமினிய இழைகள் பாதிக்கு மேல் வெந்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தன.

"வீட்டுல லைட்டு கொஞ்ச நாளா மினுக்கிட்டு இருந்திருக்குமே சார்?" என்று மூத்தவர் கேட்டார்.

இருந்தது. இரண்டு வாரமாக. பல்பு சரியில்லை என்று முடிவு கட்டி, பல்பை மாற்றி, அப்புறம் அந்தப் பல்பையும் திட்டிக்கொண்டிருந்தேன். இணைப்பு ஏற்கெனவே தளர்ந்து சூடாகிக்கொண்டிருந்திருக்கிறது. மின்தடை முடிந்து கரண்ட் வந்ததும் ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்திருக்கும், அந்த இழுப்பை இது தாங்கவில்லை என்றார். மினுக்கலும் புகார் செய்ய வேண்டிய விஷயம்தானாம். அதிலும் ஓர் அறையில் விளக்கு மங்கி இன்னோர் அறையில் பளிச்சென்று எரிந்தால் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, விட்டுப்போயிருக்கலாம், உடனே மெயினை இறக்கிவிட்டுக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் சாமான் எல்லாம் போகும் என்று சொல்லிவிட்டு ஏணியைக் கட்டினார்.

இதோடு விட்டிருப்பேன். ஒரு வாரம் கழித்து, செயலியில் 'மின்தடை வரலாறு' என்ற பக்கம் கண்ணில் பட்டது. அன்றைய தேதியில் எங்கள் இணைப்புக்கு 2 மணி 26 நிமிடம் என்று போட்டிருந்தது. ராத்திரி முழுக்க விழித்திருந்தது கணக்கில் இல்லை!

சராசரியாக ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டுக்கு எத்தனை நிமிடம் மின்சாரம் இல்லாமல் போனது என்று ஒரு குறியீடு உண்டு, சைடி என்பார்கள். எல்லா வீடுகளும் இழந்த நிமிடங்களைக் கூட்டி, மொத்த இணைப்புகளால் வகுப்பது. ஐ.ட்ரிபிள்இ என்ற மின்பொறியாளர் அமைப்பின் 1366 என்ற தரநிலைப்படி, 5 நிமிடத்துக்குள் திரும்பி வந்துவிடும் தடை இதில் சேராது. எனக்கு விட்டுப்போனது 11:07 முதல் 6:22 வரை, அதாவது 435 நிமிடம். ஒரு லட்சம் இணைப்பு உள்ள நிறுவனம் என்று வைத்துக்கொண்டால், இது அவர்கள் சராசரியில் கால் விநாடி. யாருக்கும் உறைக்காது. எனக்கு உறைத்தது.

எழுத்தில் புகார் கொடுத்தேன். முதல் பதில், "எங்கள் பதிவின்படி மின்சாரம் 11:07-க்குத் திரும்பியது." இரண்டாவது புகாரின் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். கூடவே மீட்டரின் பதிவைப் பார்க்கச் சொன்னேன். எங்கள் மீட்டர் தானாகச் செய்தி அனுப்பும் ரகம் இல்லை. சில ஸ்மார்ட் மீட்டர்கள் கரண்ட் போகும் அந்தக் கணத்தில், உள்ளே மிச்சமிருக்கும் சக்தியை வைத்தே கடைசியாக ஒரு தகவல் அனுப்பிவிட்டுத்தான் அணையும். எங்களுடையது அனுப்பாது. ஆனால் எப்போது போனது, எப்போது வந்தது என்று தனக்குள்ளே குறித்து வைத்துக்கொள்ளும். ஒருவர் வந்து மீட்டரின் முகத்தில் காந்தம்போல ஒரு வில்லையை ஒட்டி, அதன் ஒயரைக் கையடக்கக் கருவியில் செருகி, பதிவை இறக்கிக்கொண்டு போனார்.

மேலும் பத்து நாள் ஆனது. அந்தப் பக்கத்தில் இப்போது 9 மணி 41 நிமிடம் என்று இருக்கிறது. தொடக்கம் இரவு 8:41. ரசீதின் பின்பக்கத்தில் நான் 8:40 என்று எழுதி வைத்திருந்தேன். மீட்டர் சொன்னதையே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.