ஒரு மணிக்காரர்களும் சிலோன்காரர்களும்

கோத்தகிரியில் மே மாதம் ஊர்க்காரர்களுக்கு உரியதல்ல. நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி என்று மேடை போட்டுப் பாட்டும் ஆட்டமுமாக இருக்கும். இ-பாஸ் வந்த பிறகும் மேட்டுப்பாளையம் சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. நாங்கள் அரிசி, பருப்பை முன்கூட்டியே வாங்கிப் போட்டுவிட்டு வீட்டில் இருப்போம். "சீசன் முடியட்டும், பிறகு போகலாம்" என்பது அப்பாவின் நிரந்தரப் பதில். செப்டம்பரில் இரண்டாம் சீசன் வந்தால் அதே பதில் இன்னொரு முறை வரும்.

இப்படி வளர்ந்தவளுக்கு, டெக்சாஸ் மாநிலத்தின் டென்டன் நகரம் ஒரு சீசனை இலவசமாகக் கையில் கொடுத்தபோது அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கணவருக்கு அங்கே ஆராய்ச்சி வேலை. எனக்குச் சார்பு விசா. வேலை செய்ய அனுமதி இல்லை, கார் ஓட்டத் தெரியாது. 6,000 அடி உயரத்தில் ஸ்வெட்டரோடு வளர்ந்த உடம்பு, ஆகஸ்டில் நாற்பது டிகிரியைத் தொடும் சமவெளியில் வந்து விழுந்தது. பகல் முழுவதும் குளிர்சாதனத்தின் உறுமலைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்ப்பதைவிடப் பல்கலைக்கழக நூலகத்துக்கு நடப்பது மேல் என்று நடந்தேன். வழியில் இசைக் கல்லூரி. எந்த நேரத்தில் போனாலும் யாராவது ஒருவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருப்பார். அறிவிப்புப் பலகையில் அந்தப் பருவத்தின் ஜாஸ் கச்சேரிகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. யார் நீ, எங்கிருந்து வருகிறாய், என்ன விசா என்று கதவில் யாரும் கேட்கவில்லை. அந்த நாட்டில் அதுவரை நான் நுழைந்த இடங்களில் இது புதுமை.

வட டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஜாஸ் உலகில் பெரிய பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஜாஸில் பட்டப்படிப்பை முதன்முதலில், 1947இல், தொடங்கியது அதுதான். அப்போது ஜாஸ் என்றாலே கெட்ட சகவாசம் என்று கருதிய காலம். பாடத்திட்டத்தில் 'நடன வாத்தியக் குழு' என்று பெயர் வைத்துக் காரியத்தை நடத்தினார்கள். புகழ்பெற்ற ஜாஸ் குழுத் தலைவர் ஸ்டான் கென்டன் தம் குழுவின் இசைக்குறிப்புகளை இந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிவைத்துவிட்டு 1979இல் காலமானார். மாணவர் குழுக்களுக்குப் பெயர் ஒத்திகை மணிதான்: ஒரு மணிக் குழு, இரண்டு மணிக் குழு, மூன்று மணிக் குழு. ஒரு மணிக்காரர்கள்தான் உச்சம்; கிராமி விருதுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டவர்கள்.

அத்தைக்கு இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "பெரட்டு மணியை வைத்தா பேர் வைத்திருக்கிறார்கள்?" அத்தை பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். விடியுமுன் தப்படித்து ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு, அழைத்த காலத்தை அவர் மறக்கவில்லை. இலங்கைத் தோட்டத் தமிழர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று பிரிக்கப்பட்ட ஐந்தேகால் லட்சம் பேரில் எங்கள் குடும்பமும் ஒன்று. தாத்தா தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்துக் கோத்தகிரிக்கு வந்தார். சொந்த நாடு என்று வந்த இடத்தில் அவருக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'. மாசி மாதத்துக் காமன் கூத்துக்குத் தப்படிப்பதில் தாத்தாவை மிஞ்ச ஆள் இல்லை என்று அத்தை சொல்வார். தங்கை சொல்வதை அப்பா மறுத்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மறுப்பார்.

முதலில் போன கச்சேரி ஒரு சின்ன அரங்கில். சாக்ஸபோன் வரிசை முன்னால், பின்னால் ட்ராம்போன், அதற்கும் பின்னால் டிரம்பெட்; ஓரத்தில் பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ். இருபது பேர் சேர்ந்து முதல் ஸ்வரத்தை ஊதியதும் நாற்காலியின் கைப்பிடி அதிர்ந்தது. இடைவெளி கிடைத்தபோதெல்லாம் ஒரு ட்ராம்போன்காரர் குழலின் அடியிலுள்ள சிறு சாவியை அழுத்தி, உள்ளே சேர்ந்த நீரைத் தரையில் ஊதி விட்டார். எனக்கு ஏனோ அதைப் பார்த்ததும்தான் தைரியம் வந்தது. சீவாளியை நாக்கில் நனைத்து, துடைத்து, மறுபடி பொருத்தும் நாதஸ்வரக்காரர்களைக் கோயில் வாசலில் பார்த்து வளர்ந்தவள் நான். மூச்சால் பிழைப்பவர்களின் வேலை எங்கும் ஈரமானதுதான்.

முன்வரிசையில் இருந்ததால் இசைக்குறிப்புத் தாளும் கண்ணில் பட்டது. புள்ளிகள் நெருக்கமாக ஓடி வந்து ஓரிடத்தில் நின்றுவிட, அதன் பிறகு வெறும் சாய்கோடுகள், மேலே சுரக்கூட்டின் பெயர் மட்டும். அந்த இடம் வந்ததும் ஒரு பெண் எழுந்து நின்று சாக்ஸபோனில் தன் கற்பனையை வாசித்தாள். முடித்ததும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டல். டிரம்ஸ்காரருக்கும் அப்படித்தான். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபி குடிக்க எழுந்துபோகும் நம் சபா ரசிகர்களை இங்கே கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும் என்று தோன்றியது. தாளம் மட்டும் என் கைக்கு அடங்க மறுத்தது. நமக்குத் தட்டு சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், விழும். அவர்களுக்கு இரண்டிலும் நான்கிலும். பக்கத்து இருக்கைப் பாட்டி ஒன்றும் பேசாமல் தன் முழங்காலில் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் அவர் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். அந்த ஊரில் எனக்காக ஒருவர் இடம் பிடித்தது அதுதான் முதல் முறை.

ஆகஸ்டில் தொடங்கும் பருவம் டிசம்பரில் முடியும்; அடுத்தது ஜனவரியில் தொடங்கி மே வரை. தீபாவளியும் பொங்கலும் வார நாளில் வந்து சத்தமில்லாமல் கடந்துபோகிற ஊரில், என் ஆண்டை இந்தக் கச்சேரிகள்தாம் பகுத்துத் தந்தன. இங்கே மலையில் சீசன் என்றால் வெளியூர்க்காரர்கள் வருவார்கள், நாங்கள் ஒதுங்குவோம். அங்கே வெளியூர்க்காரி நான், சீசன் உள்ளூர்க்காரர்களுடையது. ஆனாலும் உள்ளே ஓர் இருக்கை இருந்தது.

ஆனால் அந்த இருக்கை எல்லோருக்கும் எப்போதும் இருந்ததல்ல. கறுப்பின மக்கள் உருவாக்கிய இசைக்கு 1947இல் பட்டம் கொடுக்கத் தொடங்கிய அதே கல்லூரி, கறுப்பின மாணவர்களை இளநிலைப் படிப்பில் சேர்த்தது 1956இல்தான். அதுவும் நீதிமன்றம் சொன்ன பிறகு. நகரின் நடுவில் குவேக்கர்டவுன் என்ற பூங்கா உண்டு. 1920களின் தொடக்கத்தில் அங்கே வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களை வெளியேற்றிவிட்டுப் போட்ட பூங்கா அது. ஓர் ஒப்பந்தத்தில் பெயரெழுதி இடம் மாற்றப்பட்ட குடும்பத்தில் வந்தவளால் அந்தப் புல்வெளியில் சாவகாசமாக உட்கார முடிவதில்லை. கச்சேரிக்குப் போவதை அதனால் நிறுத்தவும் இல்லை. வாசிக்கும் பிள்ளைகள் மேல் என்ன குற்றம்?

அக்டோபரில் அப்பா டென்டனுக்கு வருகிறார், விசா கிடைத்தால். ஒரு மணிக்காரர்களுக்கு டிக்கெட் எடுத்துவிடுவேன். இருமல் வந்தால் எழுந்துபோகத் தோதாக ஓரத்து இருக்கை வேண்டும் என்கிறார். அத்தை வர மறுத்துவிட்டார். கைப்பேசியில் போட்டுக் காட்டினால் போதுமாம். நேற்று போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். "கொம்பு நிறைய வைத்திருக்கிறார்கள், நன்றாகவும் ஊதுகிறார்கள். தப்படிக்கிற பையன்தான் பயந்து பயந்து அடிக்கிறான். உங்கள் தாத்தா இருந்தால் அவனை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்திருப்பார்" என்றார். தாத்தாவின் கை அவ்வளவு ஒன்றும் பெரிதில்லை என்று அப்பா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். அதன் பிறகு இருவருக்கும் நடந்த வாக்குவாதத்தில் ஜாஸ் காணாமல் போய்விட்டது.