தாதிமையிலிருந்து கொள்கைப் பகுப்பாய்வுக்கு வந்த கதை

சிங்கப்பூரில் பதினோரு வருடம் தாதியாக இருந்தேன். கடைசி ஆறு வருடம் பலதுறை மருந்தகத்தில், புண்ணுக்குக் கட்டு மாற்றும் அறையில். நீரிழிவால் இடது காலில் இரண்டு விரலை இழந்த அங்கிள் ஒருவர் தவறாமல் வருவார். உப்புநீர் ஊற்றி நன்றாக ஊறிய பிறகுதான் அவர் காலிலிருந்து துணியை எடுக்க முடியும். “மூணே மூணு தே தாரேக் தாம்மா, வேற ஒண்ணும் இல்ல” என்பார். டின்பால் ஊற்றி ஆற்றித் தரும் இனிப்புத் தேநீர் அது. சீனியைக் குறைக்கச் சொல்வேன். தலையாட்டுவார். அடுத்த முறை புண் இன்னும் ஆழமாகியிருக்கும்.

2010 தேசியச் சுகாதார ஆய்வின்படி நீரிழிவு பெரியவர்களிடையே மொத்தத்தில் 11.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 17.2. அதைப் படித்த அன்று, நான் பார்ப்பது ஒரு கால் இல்லை, ஒரு வரிசையே வெளியே நிற்கிறது என்று புரிந்தது.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் சா சுவீ ஹாக் பொதுச் சுகாதாரப் பள்ளியில் பகுதிநேரமாக முதுநிலை படித்தேன். புள்ளியியல்தான் உயிரை வாங்கியது. ஷிப்டு முடிந்து, பிள்ளை தூங்கியதும் உட்காருவேன். எப்படியோ கரையேறினேன்.

கொள்கைப் பகுப்பாய்வு வேலைக்கு விண்ணப்பித்தால் நான்கு இடத்தில் பதிலே இல்லை. முன்பு என்னோடு வேலை பார்த்த அக்கா என் விண்ணப்பத்தை வாங்கிப் படித்தார். “கட்டு போட்டேன், மருந்து கொடுத்தேன்னு எழுதியிருக்கியே, அதுல நீ கண்டுபிடிச்சது எங்கம்மா?” என்றார். அன்றிரவே திருத்தி எழுதினேன்.

ஐந்தாவது இடத்தில் எழுத்துத் தேர்வு. இரண்டு மணி நேரம், ஒரே பக்கம், பானங்களில் சீனி பற்றி. பானங்களுக்கு ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் போடும் நியூட்ரி-கிரேட் விதி எனக்குத் தெரிந்ததுதான். பொட்டல பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதல், கடையில் கலக்கித் தரும் பானங்களுக்குச் சரியாக ஒரு வருடம் கழித்து. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் ‘டி’ தரம். விற்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் அதற்கு விளம்பரம் கூடாது. ஆனால் சிறு வியாபாரங்களுக்கு விலக்கு உண்டு. அங்கிள் தே குடிப்பது அப்படி ஒரு கடையில்தான். என் பக்கம் முழுவதும் அதைத்தான் எழுதினேன்.

நேர்காணலில், “அப்படியானால் சட்டத்தை அந்தக் கடைக்கும் நீட்டலாமா?” என்று கேட்டார்கள். கடைக்காரர் டின்பாலைக் கைக்கணக்கில் ஊற்றுகிறார், ஆய்வகச் செலவு அவருக்குக் கட்டாது என்றேன். முந்தின சனிக்கிழமை தேக்கா உணவங்காடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டிருந்தேன். பெரும்பாலோர் ‘ஒரு தே’ என்று மட்டும் சொன்னார்கள். ‘சியூ தாய்’, அதாவது சீனி குறைவாக, என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். கேட்காவிட்டால் சீனி குறைவாகத்தான் வரும் என்று சில கடைகளில் வைத்துப் பார்க்கலாம் என்றேன். நோட்டைக் காட்டச் சொன்னார்கள்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது.

கடைசி ஷிப்டில் அங்கிளுக்கு நானே கட்டு மாற்றினேன். விஷயத்தைச் சொன்னதும், “இனிமே யாரும்மா கட்டுவா?” என்றார். புதிதாக வந்த தாதியைப் பக்கத்தில் நிறுத்தி, எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும் என்று காட்டினேன்.