அமெரிக்க 420 வேறு, நம்ம ஊர் 420 வேறு

நம்ம ஊரில் ஒருவனை ‘ஃபோர் ட்வென்ட்டி’ என்றால் ஏமாற்றுக்காரன். இந்திய தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவு தந்த வசை அது. 2024 ஜூலை 1 முதல் அந்தக் குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)-க்கு மாறிவிட்டது. வசை மட்டும் பழைய எண்ணிலேயே நிற்கிறது. அமெரிக்காவில் அதே எண் கஞ்சாவைக் குறிக்கும். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அங்கே அது பிறந்தது கடிகார நேரமாக. 1971, கலிபோர்னியாவின் சான் ரஃபேல் உயர்நிலைப் பள்ளி. சுவரோரம் உட்கார்ந்து அரட்டை அடித்ததால் ‘வால்டோஸ்’ என்று பெயரெடுத்த ஐந்து மாணவர்கள். பாயின்ட் ரேயஸ் பக்கம் யாரோ பயிரிட்டு விட்டுப்போன கஞ்சாச் செடிகளுக்கு வழிகாட்டும் கைவரைபடம் ஒன்று அவர்களிடம் வந்தது. விளையாட்டுப் பயிற்சி முடிந்ததும், மாலை 4:20-க்கு, வளாகத்து லூயி பாஸ்டர் சிலையடியில் கூடிக் காரில் கிளம்புவது ஏற்பாடு. வராந்தாவில் எதிர்ப்பட்டால் ‘4:20 லூயி’ என்று நினைவுபடுத்திக்கொள்வார்கள். செடி கடைசிவரை அகப்படவில்லை. ‘லூயி’யும் உதிர்ந்தது. பெற்றோர் முன்னாலேயே பேசத் தோதான சங்கேதமாக எண் மட்டும் தங்கியது.

கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் ரசிகர் வட்டத்தில் அது பரவியது. 1990 இறுதியில், ஓக்லாந்தில் அக்குழுவின் கச்சேரிக்கு வந்தவர்களிடம் ஒரு துண்டறிக்கை சுற்றியது. 1991-இல் ஹை டைம்ஸ் இதழ் அதை அச்சிட்டது. தப்புக்கதை அச்சேறியதும் அங்கேதான்: 420 என்பது கஞ்சா புகைப்போரைக் குறிக்கும் போலீஸ் குறியீடு என்று அந்த அறிக்கை சொன்னது. கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவோ பொது நிலத்துக்குள் நுழைவதைத் தடுப்பது பற்றியது. கஞ்சாவுக்கு அதில் இடமே இல்லை.

வால்டோஸ் கதையை நான் நம்புவது காகிதச் சான்றுக்காக. 1974 ஜூனில் அதே பள்ளியின் மாணவர் இதழ், பட்டமளிப்பு நாளில் பேச வாய்ப்புக் கிடைத்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருந்தது. ஒரு மாணவர் தந்த பதில், மொத்தமும் இவ்வளவுதான்: ‘4-20’. ஆக்ஸ்போர்டு அகராதி 2017-இல் இந்தச் சொல்லைச் சேர்த்தபோது காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று. சொல்லாராய்ச்சியில் தேதியிட்ட ஒரு வரி, நூறு வாய்வழிக் கதைக்குச் சமம்.

உச்சரிப்பு ‘ஃபோர் ட்வென்ட்டி’. ‘ஃபோர் ஹண்ட்ரட்’ சேர்த்தால் பொருள் போய்விடும். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவதால் 4/20, அதாவது ஏப்ரல் 20, கஞ்சா ஆர்வலர்களின் திருநாள் ஆனது. வாடகை விளம்பரத்தில் ‘420 ஃபிரெண்ட்லி’ என்றிருந்தால், கஞ்சா புகைப்பதற்கு ஆட்சேபணை இல்லை என்று அர்த்தம். அதைத் தமிழாக்கும்போது எண்ணை அப்படியே விட்டால், வீட்டுக்காரர் மோசடிப் பேர்வழியைத் தேடுகிறார் என்று நம் வாசகர் படிப்பார். ‘கஞ்சாவுக்குத் தடையில்லை’ என்று பச்சையாகவே எழுதிவிடுங்கள்.